ஹம்சா படித்துக் காட்டிய கதை

ஹம்சாவுக்குக் கதை எழுதும் ஆசை நாற்பத்தொரு வயதில் வந்தது. அந்த வயதில் சிலருக்கு மூட்டுவலி வருகிறது, சிலருக்கு பக்தி வருகிறது. இவளுக்கு இது வந்து தொலைத்தது. ஒரே பையன் திருச்சியில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டான். கணவர் கல்யாணராமன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பருக்குள் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். மயிலாப்பூரில் அவள் புத்தகம் எடுக்கும் வாடகை நூலகத்தின் கதவில், 'சிறுகதை எழுதப் பழகலாம், பத்து ஞாயிறு, காலை பத்து மணி' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. யாரிடமும் கேட்காமல் போய்ச் சேர்ந்துகொண்டாள். இது தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆகஸ்டில்.

வகுப்பு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் நடந்தது. எல்.கே.ஜி. பிள்ளைகளின் பெஞ்சில் ரிடையரான பாங்க் ஆபீசர்களும் கல்லூரிப் பெண்களும் முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் ஒட்டிய யானைக்கும் ஆப்பிளுக்கும் நடுவில் நின்று ஸ்ரீரங்கன் பேசுவான். முப்பது வயசுப் பையன். ஏதோ வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து, சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவன். ஹம்சா முதலில் எழுதிக்கொண்டு போன கதையில் ஒரு பெண் சமையலறை ஜன்னல் வழியாக நிலாவைப் பார்த்தாள். மூன்று பக்கம் பார்த்தாள்.

"மாமி, நிலாவை விட்டுடுங்கோ, பாவம்," என்றான் ஸ்ரீரங்கன். "உங்க கதையில ஒருத்தருமே வாயைத் திறக்க மாட்டேங்கறாளே. மனுஷா பேசறதைக் காது குடுத்துக் கேளுங்கோ. அடுத்த வாரம், யாராவது ஒருத்தர் பேசறதை அட்சரம் பிசகாம எழுதிண்டு வாங்கோ. கதை அப்புறம் தானா வரும்."

எல்லார் முன்னாலும் மாமி என்றது ஒரு குத்து, நிலாவைப் பிடுங்கியது இன்னொரு குத்து. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்சரம் பிசகாமல் எழுதுவதா? பத்தொன்பது வருஷமாக அவள் பார்க்கிற உத்தியோகமே அதுதானே! தமிழ்ச் சுருக்கெழுத்திலும் இங்கிலீஷ் சுருக்கெழுத்திலும் ஹையர் பாஸ் பண்ணியவள். அந்த வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் ஞாபகத்திலிருந்து குத்துமதிப்பாக எழுதிக்கொண்டு வருவார்கள். இவள் பேசுகிறவர் வாயிலிருந்தே பிடித்துக்கொண்டு வருவாள்.

யாரைப் பிடிப்பது என்பதுதான் கேள்வி. ஆழ்வார்பேட்டையில் அவள் வேலை பார்த்தது ஒரு தண்ணீர் பம்ப் கம்பெனியின் கிளை ஆபீஸ். மானேஜருக்கு ஸ்டெனோ, அதோடு ஆட்கள் சம்பந்தப்பட்ட ஃபைல்களையும் அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மானேஜர் பேசுவது எல்லாம், தங்கள் கடிதம் கிடைத்தது என்கிற தினுசில் இருக்கும். டெலிபோன் ஆபரேட்டர் ஜஹீதா நாள் முழுக்க 'லைன்ல இருங்க' என்பாள். சுற்றிச் சுற்றி வந்து கண் தேசம்மாவிடம் நின்றது.

தேசம்மா அந்த ஆபீஸின் ஆயா. நொச்சிக்குப்பத்துக்காரி. புருஷன் ரங்கன் கட்டுமரத்தில் போகிறவன், பெண் அஸ்வினி ப்ளஸ் டூ. தேசம்மா காலை எட்டு மணிக்கு வந்து பூட்டைத் திறந்து, பெருக்கித் துடைத்து, பானையில் தண்ணீர் நிரப்பி வைப்பாள். சாயங்காலம் எல்லாரும் போனபிறகு பூட்டிக்கொண்டு போவதும் அவள்தான். வரும்போது பூப்போட்ட வாயில் துணிப் புடவையும் தோளில் ஒரு ஹேண்ட்பேகுமாக வருவாள். பின்னறைக்குப் போய்க் கம்பெனி கொடுத்த நீலப் புடவைக்கு மாறுவாள். போகும்போது மறுபடி வாயில் புடவை, ஹேண்ட்பேக். அந்த ஹேண்ட்பேக் ஹம்சா கொடுத்ததுதான். பழுப்பு ரெக்ஸின், ஜிப் போய்விட்டது என்று குப்பையில் போட இருந்ததை, "இத்த எனுக்குக் குடும்மா" என்று கேட்டு வாங்கி, ஜிப்புக்குப் பதில் ஊக்கு குத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம், மானேஜர் வெளியே போயிருந்த நேரம், ஹம்சா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தாள்.

"ஏன் தேசம்மா, தினம் ரெண்டு தரம் புடவை மாத்திண்டு என்ன கஷ்டம்? வீட்லேர்ந்தே நீலப் புடவையைக் கட்டிண்டு வந்துடலாமே?"

தேசம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாத, இன்னா? அஸ்வினி ஸ்கூல்ல, எங்கம்மா ஆபீஸ்ல வேல செய்றாங்கன்னு சொல்லிகீது. அது பொய்யா? ஆபீஸ்லதானே செய்றேன்! அதுங்கூட படிக்கிற பொண்ணுங்கோ பஸ் ஸ்டாப்புல நிக்குதுங்கோ. ஆயா பொடவ கட்டிகினு அதுங்க முன்னாடி நின்னா, பொண்ணு மூஞ்சி இன்னாத்துக்காவும்? அதான் நீ குடுத்த பைய மாட்டிகினு டீக்கா வந்துகினுகீறேன். ஒரு பொண்ணு அன்னிக்கு, குட்மார்னிங் ஆண்ட்டின்னுச்சி. நானும் குட்மார்னிங்ன்ட்டேன்!"

சொல்லிவிட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹம்சாவின் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. தேசம்மா கிட்டே வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா அது, மண்ணுல நண்டு ஓடுன மாதிரி?"

"ஆபீஸ் லெட்டர்தான்," என்றாள் ஹம்சா, கூசாமல்.

"நல்லாகீது போ. இத்தல்லாம் நான் எங்க படிக்கறது."

அதைக் கேட்டதும் ஹம்சாவுக்கு நிம்மதியாக இருந்தது. தேசம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்குப் புதிய செய்தியும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் தேசம்மா வேலைக்குச் சேர்ந்த அன்று, முதல் நீலப் புடவையை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியாக ரசீதுத் தாளில் அவள் வைத்தது பெருவிரல் ரேகை. வருஷா வருஷம் பொங்கலுக்குப் புடவை கொடுக்கும்போதும் அதே. மை டப்பாவைத் திறந்து தள்ளுவது ஹம்சா. விரலை ஒற்றி எடுப்பது தேசம்மா. பக்கத்தில் 'தேசம்மா கைநாட்டு, என் முன்னிலையில் வைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது மறுபடி ஹம்சா. பி.எஃப். நாமினேஷன், இ.எஸ்.ஐ. கார்டு என்று எந்த ஃபாரம் வந்தாலும் தேசம்மா அவளிடம்தான் எடுத்துக்கொண்டு வருவாள். அந்த ஃபாரங்கள் எல்லாம் இங்கிலீஷில் இருந்தன என்பது மட்டும் இந்தப் புத்திசாலிக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

அந்த ஞாயிறு அவள் நோட்டைப் பார்த்து வகுப்பில் படித்தாள். 'நானும் குட்மார்னிங்ன்ட்டேன்' வந்த இடத்தில் பெஞ்சுகள் ஆடின. ஒரு பாங்க் ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்ரீரங்கன் மேஜையைத் தட்டினான்.

"மாமி, இது! இதைத்தான் சொன்னேன்! கதையா பண்ணுங்கோ. நானே பத்திரிகைக்கு அனுப்பறேன்."

ஒரு கூட்டம் தன் வார்த்தைக்குச் சிரிப்பது எப்படி இருக்கும் என்று ஹம்சாவுக்கு அதுவரை தெரியாது. தெரிந்தபின் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. தன் வார்த்தை என்று நினைத்துக்கொண்டாளே, அதுவே தப்பு. அதில் அவள் வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதையெல்லாம் யோசிக்க அப்போது ஏது நேரம்? தேசம்மாவை முனியம்மா ஆக்கினாள். பேர் மாற்றிவிட்டால் பாவம் போய்விடும் என்று எண்ணம். கைப்பையைப் பெரிதாக்கினாள், உடம்பைப் பருமனாக்கினாள், வாயில் வெற்றிலையைத் திணித்தாள். கடைசியில் ஒரு திருப்பம் வேண்டுமே! பஸ் குலுங்குகிறது, ஊக்கு தெறிக்கிறது, பை திறந்துகொள்கிறது. பழையசோற்று டப்பாவும் சுருக்குப் பையும் அரைத் துடைப்பமும் மகளின் தோழிகள் காலடியில் வந்து விழுகின்றன. 'இன்னா பாக்குறீங்கோ? எங்க ஆபீஸ்ல இதாம்மே பைலு!' என்கிறாள் முனியம்மா. முற்றும்.

தலைப்பு 'ஆபீஸரம்மா'. எழுதியவர் 'மயிலை ஹம்சா'.

நவம்பரில் கதை வந்தது. மூன்று பக்கம், முதல் பக்கத்தில் பாதிக்குப் படம். குண்டான ஒருத்தி, கடைவாயில் வெற்றிலை ஒழுக, தோளில் மலைபோல் ஒரு ஹேண்ட்பேக். கல்யாணராமன் படித்துவிட்டுப் பேப்பரை விட்டு வெளியே வந்தார். "நன்னா இருக்குடி! நம்மாத்துல ஒரு எழுத்தாளர் இருக்கான்னு நேக்கே தெரியலையே!" என்றார். இருபது வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன மிகப் பெரிய பாராட்டு அது. அன்று ரசத்தில் உப்பில்லை, அவர் அதையும் சொல்லவில்லை.

மறுநாள் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் டெஸ்பாட்ச் அன்வர் பாஷா பத்திரிகையைக் கையில் எடுத்தார். அவருக்குப் பலகுரல் வரும். மானேஜர் மாதிரி இருமுவார், யார் மாதிரியும் பேசுவார். முனியம்மா பேசும் வரி வந்தபோதெல்லாம் தேசம்மாவின் குரலிலேயே படித்தார். பேர் மாற்றியதெல்லாம் அந்தக் குரல் வந்த நிமிஷத்திலேயே போச்சு. பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜஹீதா மட்டும் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள்.

"ஹம்சா மேடம், தேசம்மாவுக்குத் தெரியுமா இது?"

"அவளுக்குப் படிக்கத் தெரியாதே ஜஹீதா."

"அதைக் கேக்கலை நான்," என்றாள் ஜஹீதா.

அதற்குள் தேசம்மாவே தண்ணீர் ஜக்கோடு உள்ளே வந்தாள். எல்லாரும் சட்டென்று அடங்கினார்கள். ஒருத்தர் தொண்டையைக் கனைக்க, மறுபடி எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"இன்னா சார், நான் வந்தா சிரிக்கிறீங்கோ?" என்று தேசம்மாவும் சிரித்தாள்.

"ஒண்ணுமில்ல தேசம்மா, மேடம் கதை எழுதியிருக்காங்க. உன்னப் பத்தி!" என்றார் அன்வர் பாஷா.

"நெசமாவா அம்சாம்மா?"

ஹம்சாவின் கையில் தயிர்சாதம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தலையை ஒருமாதிரி ஆட்டினாள். ஆமாமா, இல்லையா என்று யாருக்கும் தெரியாத ஆட்டல். அந்த நிமிஷத்தில்தான், ஜஹீதா கேட்டது என்ன என்று அவளுக்கு முதன்முதலாகப் புரிந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும்: அதே நிமிஷத்தில், அன்வர் பாஷா கடைசிப் பக்கத்தையும் படித்து முடித்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது. திருப்பம் அங்கேதானே இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை தேசம்மா மஞ்சப்பையோடு வந்தாள். துணிக்கடையில் கொடுக்கிற பை. வாயில் புடவையும் இல்லை, வீட்டிலிருந்தே நீலப் புடவை. ஹேண்ட்பேக் எங்கே என்று ஹம்சா கேட்க நினைத்தாள்; நாக்கு எழவில்லை. ஊக்கு உடைந்திருக்கும் என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமையும் மஞ்சப்பை. தேசம்மா எப்போதும்போல் அவள் மேஜையைத் துடைத்தாள், டம்ளரில் தண்ணீர் வைத்தாள். அதிகமாகப் பேசவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாரும் போய்விட்டார்கள். ஹம்சா ஒரு லெட்டரை டைப் அடித்து முடித்து, மெஷினுக்கு உறை போட்டாள். வெளியே வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. தேசம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்து, அவள் நாற்காலி பக்கத்தில் நின்றாள்.

"அம்சாம்மா, என்னப் பத்தி எய்திகீறியாமே. எனுக்குப் படிச்சிக் காட்டேன்."

"அது... புக்கு இங்க இல்லையே தேசம்மா. ஆத்துல இருக்கு. நாளைக்கு வேணா பாக்கலாம்."

"எங்கையிலகீது." மஞ்சப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கதை ஆரம்பிக்கும் பக்கத்தில் மடித்திருந்தது. படத்தைப் பார்த்து மடித்திருப்பாள் என்று ஹம்சா நினைத்தாள். அவளுக்கு அந்தச் சமயத்தில் வேறு என்ன நினைக்கத் தோன்றும்?

"நாழியாயிடுத்தே..."

"பூட்டு எங்கிட்டதானேகீது. நீ படி."

ஹம்சா பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். முதல் வரி: 'ஆபீஸரம்மா முனியம்மா வருகிறாள் என்றால், அவளுக்கு முன்னால் அவள் ஹேண்ட்பேக் வரும், அதற்கு முன்னால் அதிலிருக்கும் பழையசோற்று வாசனை வரும்.' அன்வர் பாஷா படித்தபோது எல்லாரும் முதலில் சிரித்த இடம். ஹம்சாவின் வாய் 'ஆபீஸரம்மா முனியம்மா வருகிறாள் என்றால்' வரை வந்து நின்றது. தேசம்மாவின் கை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது. டெட்டால் வாசனை அடித்தது.

"...என்றால், மணி எட்டு என்று அர்த்தம்," என்று படித்தாள் ஹம்சா.

அப்படித் தப்பித்தாள். தப்பித்தபிறகு வழியில்லாமல் மேலே போனாள். கண் அச்சில் ஓடியது, வாய் வேறு எதையோ சொல்லிக்கொண்டு போயிற்று. 'முனியம்மா வராமல் அந்த ஆபீஸ் திறக்காது. டைப்பிஸ்ட், ஆபரேட்டர், குமாஸ்தா எல்லாரும் வாசற்படியில் நிற்பார்கள். மானேஜரும்தான் நிற்பார். ஏனென்றால் சாவி முனியம்மாவின் கைப்பையில் இருந்தது. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். மானேஜர் காரிலிருந்து இறங்கி, கைக்குட்டையால் படியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் டீக்கடைக்காரர் வந்து, என்ன சார் வேலை போயிடுச்சா என்று கேட்டார்.'

பின்னாலிருந்து தேசம்மா 'க்ளுக்' என்று சிரித்தாள். அது நிஜமாக நடந்ததுதான், இரண்டு வருஷத்துக்கு முன். ஹம்சாவும் அன்று படியில் நின்றவர்களில் ஒருத்தி. இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்த ஞாபகம்? கதை எழுத உட்கார்ந்தபோது ஒருதரம்கூட வரவில்லை. இப்போது மாட்டிக்கொண்டு முழிக்கும்போது, ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. ஹம்சா மூச்சுவிடாமல் படித்தாள், அதாவது சொன்னாள். முனியம்மாவின் மகள் பள்ளிக்கூடத்தில், எங்கம்மா ஆபீஸில் வேலை செய்கிறாள் என்றாள். என்ன வேலை என்று கேட்டார்கள். எங்கம்மா வந்தால்தான் ஆபீஸே திறக்கும் என்றாள் மகள்.

"பக்கம் திருப்பலியா?" என்றது தேசம்மாவின் குரல்.

ஹம்சாவின் வாய் நின்றது.

"ரொம்ப நேரமா ஒரே பக்கத்துலகீற." தேசம்மாவின் கை தோளுக்கு மேலாக வந்து, பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. "ம், படி."

அந்த நொடியில் ஹம்சாவுக்கு விளங்கிவிட்டது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காது மடல் வரை சுட்டது. எழுந்திருக்கவும் முடியவில்லை, திரும்பி அந்த முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. படிப்பதை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்ற கேள்வி வரும். அதனால், தெரிந்துவிட்டது என்று தெரிந்தும், அவள் படித்தாள். எதிரே அச்சில் ஊக்கு தெறித்துக்கொண்டிருந்தது. இவள் வாயில் முனியம்மா பையிலிருந்து சாவியை எடுத்து மகள் கையில் கொடுத்து, இன்று நீ திற என்றாள். டப்பா உருண்டது, துடைப்பம் விழுந்தது. இவள் வாயில் மகள் பூட்டைத் திறந்து, மானேஜருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். முற்றும் என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மூடினாள்.

தேசம்மா நாற்காலி முதுகை விட்டாள். பிறகு சுற்றி வந்து, மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"நல்லாகீதும்மா. நீ படிச்சது நல்லாகீது. அத்தையே எய்திகலாமே?"

"தேசம்மா..."

"எட்டாவது வரைக்கும் சாந்தோம்ல சிஸ்டருங்க கிட்ட படிச்சவ நானு. இந்த புக்க அஸ்வினிதான் எட்தாந்துச்சி. கிளாஸ்ல பொண்ணுங்கோ படிச்சி சிரிச்சிதுங்களாம். இதுவும் கூட சேந்து சிரிச்சிதாம். சிரிக்காட்டி தன்னோட அம்மான்னு கண்டுபுடிச்சிருவாங்கன்னு." தேசம்மா பத்திரிகையை எடுத்து மஞ்சப்பைக்குள் வைத்தாள். "வூட்டுக்கு வந்து அய்துச்சி. இனிமே அந்தப் பைய மாட்டிகினு பஸ் ஸ்டாப்பு பக்கம் வராதம்மான்னுச்சி."

"நான் வேணும்னு பண்ணலை, தேசம்மா."

"வேணும்னு பண்ணாமயா அம்மாந்தூரம் எய்துன?" கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேனில்ல. அப்பதான் நண்டு ஓடுன மாதிரி எய்திகினு இருந்த. ஆபீஸ் லெட்டருன்ன."

ஹம்சா மெஷின் உறையை இழுத்துச் சரிசெய்தாள். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுகை வரும், அழுதால் தேசம்மாதான் தன்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று தோன்ற, அதையும் சொல்லவில்லை. தேசம்மா லைட்டை அணைத்துவிட்டு, சாவியோடு வாசலில் போய் நின்றாள். ஹம்சா கடந்து போகும்போது, "பாத்துப் போம்மா, படி ஈரம்," என்றாள்.

அந்த வாரமே, படித்துக் காட்டிய கதையை எழுதிவிட வேண்டும் என்று ஹம்சா உட்கார்ந்தாள். அதை அச்சில் கொண்டுவந்து தேசம்மா கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு நப்பாசை. நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை அடுத்தவர் பேச்சைப் பிடிக்கத் தெரிந்தவளுக்கு, தான் சொன்னது நாலு வரி சேர்ந்தாற்போல் நினைவுக்கு வரவில்லை. மானேஜர் படியில் உட்கார்ந்தார், அதற்குமேல் பேனா நகரவில்லை. எதை எழுதினாலும் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள எழுதுவது போலவே இருந்தது; அது உண்மையும்தான். பத்தாவது ஞாயிறு முடிந்த பிறகும் சிலர் தொடர்ந்து கூடிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கன் அவள் வீட்டுக்கே போன் பண்ணி, "மாமி, அடுத்த ஆயா கதை எப்போ?" என்று கேட்டான். உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் நீலப் புடவையும் காக்கிச் சட்டைகளும் வந்தன. வாட்ச்மேன், டிரைவர், ப்யூன், ஆயா, அதோடு குடோன் ஆட்கள் என்று ஹம்சாவின் மேஜை முன்னால் ஒரு வரிசை. பக்கத்தில் அன்வர் பாஷா நின்று பார்சலைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முந்தின இரவெல்லாம் ஹம்சா இதைத்தான் யோசித்து வைத்திருந்தாள். மை டப்பாவை டிராயருக்குள் வைத்து மூடினாள். தேசம்மாவின் முறை வந்ததும், தாளைத் திருப்பிவைத்து, அதன்மேல் தன் பேனாவை மூடி கழற்றி வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க, தேசம்மா."

வரிசையில் ஒன்றிரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். தேசம்மா பேனாவைப் பார்த்தாள், ஹம்சாவைப் பார்த்தாள்.

"இன்னாம்மா புதுசா, போடுங்க கீடுங்கன்னுகினு?"

"இல்லை... உங்களுக்குத்தான் தெரியுமே. போடுங்க."

தேசம்மா மேஜைமேல் குனிந்தாள். அவள் குரல் ஹம்சாவுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இருந்தது.

"மொத நாளு நான் வந்து நின்னப்ப, டப்பாவத் தொறந்து என் பக்கம் தள்ளுன. கையெய்த்து போட வருமான்னு கேக்கல. புது எடம், ஏன் வாயாடணும்னு நானும் வெரல வெச்சேன். எட்டு வருசம் ஆயிப்போச்சி. இப்ப திடீர்னு கையெய்த்து போட்டா, இவ்ளோ நாளு ஏன் கைநாட்டுன்னு இவங்கல்லாம் கேப்பாங்கோ. நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். சொல்றியா?"

ஹம்சா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒரு வரிதான் இருந்தது: நான் கேட்கவில்லை, என் தப்பு. அதைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும்; படிக்கத் தெரிந்தவள் என்றால், அந்தக் கதையையும் படித்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். வரிசை காத்திருந்தது. ஜஹீதா தன் கண்ணாடிக் கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேடம், ரகசியம்? அடுத்த கதைக்கு மேட்டரா?" என்றார் அன்வர் பாஷா. வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

ஹம்சாவும் சிரித்தாள். அவளை அறியாமல் வந்த சிரிப்புதான், ஆனாலும் சிரித்துவிட்டாள். எதற்கு அப்படிச் சிரித்தோம் என்று நினைத்தபோது, வகுப்பில் மற்ற பெண்களோடு சேர்ந்து சிரித்த அஸ்வினி அவள் ஞாபகத்துக்கு வந்தாள்.

தேசம்மா நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "மை டப்பாவ எடும்மா," என்றாள், எல்லாருக்கும் கேட்கிறபடி.

ஹம்சா டிராயரைத் திறந்து டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து, எட்டு வருஷமாகத் தள்ளுகிறபடியே தள்ளினாள். தேசம்மா பெருவிரலை ஒற்றி, தாளில் அழுத்தி எடுத்து, நீலப் புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். ஹம்சா பேனாவைக் கையில் எடுத்தாள். ரேகைக்குப் பக்கத்தில் 'தேசம்மா கைநாட்டு' என்று எழுதினாள். 'என் முன்னிலையில்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அடுத்த ஆள் மேஜைக்கு வந்து, "மேடம்" என்று கூப்பிட்டான். மீதி வார்த்தையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.